மேலிருந்து ஊற்றாதே

செப்டம்பர் 4

தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். படகில் எட்டு மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் வாந்தி. தீவு போன வருடம் விட்டுவிட்டுப் போனபடியே இருக்கிறது: வானிலை நிலையம், நாங்கள் ஐந்து பேர், மிச்சமெல்லாம் காற்று. செல்போன் கோபுரம் இன்னும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் மழையளவும் காற்றின் வேகமும்தான் பேசலாம், வீட்டுக் கதை பேச அனுமதியில்லை. வாரத்துக்கு ஒரு படகு, அதில் ஒரு தபால் பை. ஆக, இந்த ஏழு மாதமும் நமக்குள் எழுத்துதான். அதுவும் ஒருவகையில் நல்லதே. நேரில் பேசினால் பத்து நிமிஷம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கதவைச் சாத்துகிறோம்.

கிளம்புகிற அவசரத்தில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதுகிறேன். வடக்கு அறையில் ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்ட தொட்டிகள். எல்லாமே சைக்ளமென். இப்போது காய்ந்த மண்ணில் பாதி புதைந்த கரிய கிழங்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போகவில்லை, தூங்குகிறது. குளிர்காலத்துப் பூச்செடி அது. வெயில் முழுக்கத் தூங்கி, குளிர் தொடங்கும்போது தானாக விழிக்கும். கிழங்கின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு தளிர் தெரியும்வரை சொட்டுத் தண்ணீர் காட்டாதே. தெரிந்த பிறகும் மேலிருந்து ஊற்றாதே. அடித்தட்டில் ஊற்று, அரை மணி நேரம் உறிஞ்சட்டும், மிச்சத்தைக் கொட்டிவிடு. கிழங்கின் தலையில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அந்த அறையில் ஹீட்டர் கூடாது.

இது நான்கு வருட வேலை. கடையில் விற்கிற பெரிய பூ சைக்ளமெனுக்கு வாசனை கிடையாது. வாசனை உள்ளதற்குப் பூ சின்னது, தண்டும் துவளும். பெரிய பூ, நிமிர்ந்த தண்டு, வாசனை மூன்றும் சேர்ந்த ஒன்றே ஒன்று ஏழாம் எண்ணில் வந்திருக்கிறது. டிசம்பர் எட்டாம் தேதி நாற்றுப்பண்ணைக்காரர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். பிடித்திருந்தால் அவர் பண்ணையில் எனக்கு வேலை. இந்தத் தீவுக்கு நான் வருவது இதுவே கடைசித் தடவையாக இருக்கும்.

ஜன்னல் மேடையிலிருந்து உன் கருவிப் பெட்டியை எடுத்தாயா?

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். பெட்டி இப்போது சமையலறையில், என் மெத்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே படுக்கையறையில் உன் கிழங்குகள் தூங்குவதால் எனக்கு அடுப்படிதான் வாய்த்தது. பரவாயில்லை, காலையில் டீ போட எழுந்து நடக்க வேண்டியதில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் எந்த மாடியில் நின்றது, ஏன் நின்றது என்று அரை மணியில் சொல்லிவிடுவேன். உன் செடிகள் நின்றுபோய்விட்டனவா, ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தட்டிப் பார்த்தேன். சத்தம் எதுவும் வரவில்லை.

எல்லாவற்றையும் எழுதிய நீ, வாசலில் சொன்னதை மட்டும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். "பொண்டாட்டியத்தான் வச்சுக்கத் தெரியல, செடியையாவது உயிரோட வச்சிரு." உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்ற டாக்ஸிக்காரரும் அதைக் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் போய் நான்கு மாதம்தான் ஆகிறது, அக்கா. இரண்டு சூட்கேஸோடு உன் வீட்டுக்கு நானாக வரவில்லை, நீ கூப்பிட்டாய்.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. கிழங்குகள் நாளுக்கு நாள் சுருங்குகின்றன. ஒன்றிரண்டைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

சுருங்கட்டும். நீ பயப்படவும் வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

போன வாரம் படகு வரவில்லை, கடல் சரியில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நீ என்ன செய்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே கம்பத்தின் மேலேறிக் காற்றுமானியைத் துடைத்தேன். இருபது மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டு தொட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று கீழே நின்ற பொறுப்பாளரிடம் சொன்னேன். "மொதல்ல கையைக் கெட்டியா பிடிங்க" என்றார்.

எனக்கு வேண்டியது கதை இல்லை, பட்டியல். ஒன்றாம் எண்ணில் எத்தனை இலை, இரண்டாம் எண்ணில் எத்தனை, இப்படிப் பதினான்குக்கும் எழுது. முக்கியமாக ஏழு. எந்தத் தொட்டியிலாவது கிழங்கு அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா என்பதையும் எழுது.

வாசலில் சொன்னதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 30

அக்காவுக்கு,

எல்லாச் செடிகளும் நலம். பிரகாசமான மறைமுக வெளிச்சமும் மிதமான ஈரப்பதமும் கிடைப்பதால் இலைகள் செழிப்பாக உள்ளன. சிலவற்றில் மொட்டும் வந்துவிட்டது. ஏழாம் எண்ணில் இலைகள் ஏராளம்.

வேலை அதிகம். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் இரண்டு லிஃப்ட்களுக்கும் கயிறு மாற்றுகிறோம். எட்டு மாடியும் ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு மட்டும் எப்போதும் படிக்கட்டுதான்.

பட்டியல் அடுத்த கடிதத்தில்.

தம்பி


நவம்பர் 13

தம்பிக்கு,

"பிரகாசமான மறைமுக வெளிச்சம்." இது நீ பேசுகிற பேச்சா? எந்த அட்டையைப் பார்த்து எழுதினாய்? அக்டோபரில் மொட்டு என்கிறாய். என் செடியில் நவம்பர் பாதிக்கு முன்னால் மொட்டு வந்ததே இல்லை. குளிர் சீக்கிரம் வந்துவிட்டதா, அல்லது ஹீட்டர் ஏதாவது போட்டாயா?

ஆறு பக்கத்துக்குக் கேள்வி அனுப்பினாலும் நீ ஆறு வரியில் பதில் எழுதுவாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பரீட்சைப் பேப்பரை ஒளித்துவைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எழுதினேன்" என்பாய். பிறகு ஆசிரியர் வீட்டுக்கு வருவார்.

நாற்றுப்பண்ணைக்காரர் வர இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. அதற்குள் செய்ய வேண்டியது: மஞ்சளான இலையைக் கத்தரிக்காதே. காம்பின் அடியைப் பிடித்துத் திருகி ஒரே இழுப்பில் எடு. பாதிக் காம்பு நின்றால் அது அழுகி உள்ளே இறங்கும். அவர் வருகிற அன்று காலையில் தண்ணீர் வைக்காதே. பூ திறந்திருந்தால் பதினோரு மணிக்கு மேல் முகர்ந்து பார். ஏழாம் எண்ணின் வாசனை எலுமிச்சைத் தோலும் புதுச் சோப்பும் கலந்தாற்போல் இருக்கும். அது இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொல்.

அக்கா


டிசம்பர் 1

அக்காவுக்கு,

எனக்கு ஜலதோஷம். வாசனை எதுவும் தெரியவில்லை.

மற்றபடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாயிற்று. அவர் உட்காரக் கீழ்வீட்டிலிருந்து ஒரு நல்ல நாற்காலி கேட்டிருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 9

அக்காவுக்கு,

இதைக் கம்பத்தின் மேல் வைத்துப் படிக்காதே. உட்கார்ந்து படி.

ஏழாம் எண் இல்லை. செப்டம்பர் கடைசியிலேயே போய்விட்டது. இரண்டு, ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினான்கும் அதோடு போய்விட்டன.

நடந்தது இது. செப்டம்பர் மூன்றாவது வாரம் வெயில் கொளுத்தியது. கிழங்குகள் முகம் சுருங்கிக் கிடந்தன. நீ எழுதியது ஞாபகம் இருந்தது. வாசலில் சொன்னது அதைவிட அதிகமாக ஞாபகம் இருந்தது. ஒன்று செத்தாலும் நீ சொன்னது நிஜமாகிவிடும் என்று நினைத்தேன். ஏழாம் எண்தான் முக்கியம் என்று சொல்லியிருந்தாய், அதிலிருந்து தொடங்கினேன். குடத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து ஊற்றினேன். ஆறு தொட்டிக்கு ஊற்றி முடித்தபோது வேலையிலிருந்து போன் வந்தது, யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று. ஓடினேன். அதனால்தான் மிச்ச எட்டுத் தொட்டியும் பிழைத்தன. பத்து நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் அந்த ஆறும் வெந்த கிழங்கு மாதிரி விரல் பட்டதும் உள்ளே அமுங்கின.

அன்றே எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பிறகு, நான் வேலை செய்கிற கட்டடத்தின் கீழே இருக்கும் பூக்கடையில் ஆறு சைக்ளமென் வாங்கி வந்து உன் தொட்டிகளில் வைத்தேன். செடியில் குத்தியிருந்த கடை அட்டையைப் பிடுங்கிப்போடுவதற்கு முன்னால் அதிலிருந்ததை உனக்கு எழுதினேன். நீ அதையும் கண்டுபிடித்தாய்.

நேற்று அவர் வந்தார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருக்கிற, சத்தமாகப் பேசாத மனிதர். நேராக ஏழாம் தொட்டிக்குப் போனார், முகர்ந்தார். என்னைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணோடு வேரைக் கையில் எடுத்தார். உன் வட்டத் தொட்டிக்குள் வேர் சதுரமாக இருந்தது. அதில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன உர மணிகள்.

"இது எங்க பண்ணையோட சதுரத் தொட்டியில வளந்த செடி. உரமும் எங்க உரம். இதை உங்க அக்கா வளத்தாங்கன்னு நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

மிச்ச எட்டையும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் வேரைத் தொட்டிக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்தார். நீ அவருக்கு அனுப்பிய கடிதம் நன்றாக இருந்தது, நன்றாகக் கடிதம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னார். டீயைத் தொடவில்லை. கிளம்பிவிட்டார்.

உனக்கும் இது தெரியும் என்று அவர் நினைக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி


டிசம்பர் 18

படித்தேன்.

செடி செத்திருந்தால் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். செடி சாகிறது, எனக்கு அது புதிதில்லை. நீ என் பெயரைக் கெடுத்துவிட்டாய்.

செப்டம்பரிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு நான் எழுதியிருப்பேன். இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் வாருங்கள் என்று.

கடையில் வாங்கிய ஆறையும் என் தொட்டிகளிலிருந்து எடு. எனக்கு எழுதாதே.


ஜனவரி 10

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

கடைச் செடிகளை எடுத்துவிட்டேன். பண்ணைக்கு மூன்று தடவை போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். முதல் தடவை முன்னறையில் இருந்த எழுத்தர், பண்ணைக்காரர் ஊரில் இல்லை என்றார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். ஆனால் பண்ணைக்காரருடைய பூதக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. மூன்றாம் தடவை வாளிக்குள் செய்தித்தாள் சுற்றிப் பதினோராம் எண்ணை எடுத்துக்கொண்டு போனேன். அதில்தான் நாலு பூ நன்றாகத் திறந்திருந்தது. பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் குழந்தையா என்று எட்டிப் பார்த்தார்.

செடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போய் அவர் எதிரில் வாளியை வைத்தேன். முதலில் ஒரு காகிதத்தை நீட்டினேன். அதில், அக்கா தீவில் இருக்கிறாள், கடைச் செடியை வைத்தது நான், அவளுக்கு எட்டாம் தேதிவரை ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "உங்க வேலை என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "லிஃப்ட்ல தப்பு பண்ணிட்டு இப்படி மூடி மறைப்பீங்களா?" என்றார். மாட்டேன், ஆள் செத்துப்போவார்கள் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பூதக்கண்ணாடி இருந்த பையில் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம். வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னார். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உலுக்கினார். நாலு பூவில் மூன்று சாய்ந்துவிட்டன.

"வாசனை அசல். ஆனா தண்டு நிக்கல. வண்டியில ஏத்தினா கடைக்குப் போறதுக்குள்ள படுத்துரும். இதே வாசனையோட நிமிந்த தண்டு வந்தா கொண்டு வாங்க" என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். விதையிலிருந்து பூவுக்கு ஒன்றரை வருடம் என்றார். உனக்கு வேலை உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டும் பயனில்லை, அவர் அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

என் சூட்கேஸ்களைக் கட்டிவிட்டேன். வேலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிடுகிறேன். அவர்களுக்குத் தட்டில் தண்ணீர் வைக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

தம்பி


ஜனவரி 22

தம்பிக்கு,

சாவியைக் கொடுக்காதே. கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஹாலில் பிளாஸ்டிக் பூ வைத்திருப்பவர்கள்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் கோபம். இரண்டாம் நாளும் அதே. நேற்று வானிலைப் பலூனை ஊதும்போது கவனம் எங்கேயோ போய்க் குழாயைக் கழற்ற மறந்து, அது வெடித்தது. பொறுப்பாளர் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் பதிவேட்டில் என் கவனக்குறைவு என்று எழுதினேன். எழுத நிறைய நேரம் பிடித்தது. காற்று அதிகம் என்று போட்டுவிடலாமா என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வாசலில் சொன்னதைச் சொல்கிறேன். அது கோபத்தில் வாய்தவறி வந்தது இல்லை. செடிகளை உன்னிடம் விட்டுப் போக எனக்குப் பயம். நறுக்கென்று ஏதாவது சொன்னால் ஞாபகம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வாய் என்று யோசித்து, உனக்கு வலிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். யோசித்துச் சொன்னதால் அது இன்னும் பெரிய தப்பு. அவள் போனதற்கும் தொட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நீ செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டும் தனித்தனி.

இனி வேலை. பதினொன்றின் வாசனையும் மூன்றாம் எண்ணின் தண்டும் சேர வேண்டும். நான் ஏப்ரலில்தான் வருவேன், அதற்குள் பூ முடிந்துவிடும். எனவே நீதான் செய்ய வேண்டும். வேறு ஆள் இருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன், இதையும் தெரிந்துகொள். பதினொன்றில் நாளைக்குத் திறக்கும் என்கிற மொட்டாகப் பார். இதழ்களை மொத்தமாகப் பிடித்து மெல்லத் திருகி இழு. மகரந்தப் பைகளும் கூடவே வந்துவிடும். நடுவில் குண்டூசி மாதிரி ஒன்று மட்டும் நிற்கும், அதை உடைத்துவிடாதே. இரண்டு நாள் கழித்து, மூன்றாம் எண்ணின் பூவைக் கட்டைவிரல் நகத்தின்மேல் தட்டினால் மஞ்சள் பொடி விழும். அதைக் குண்டூசியின் நுனியில் தொடு. தொட்ட பூவுக்கு நூல் கட்டு. வேலைக்கு முன்னால் கையைக் கழுவு, உன் கை முழுக்கக் கிரீஸ்.

இன்னொரு தவணைக்கு இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த செப்டம்பரும் இதே படகு, இதே வாந்தி. விதை முளைத்து வளரும் அத்தனை நாளும் அந்த அறையில் யாராவது இருக்க வேண்டும்.

மெத்தையைச் சமையலறையிலிருந்து எடுத்து ஹாலில் போட்டுக்கொள். சோபாவை நகர்த்தலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

பட்டியல்.

பதினொன்றில் ஒன்பது மொட்டு எடுத்தேன். இரண்டில் குண்டூசி உடைந்தது, என் விரல் தடிமன். மிச்சம் ஏழிலும் பொடி தொட்டேன். நாலு காய்ந்து விழுந்தது. மூன்று பிடித்திருக்கிறது, அடியில் பட்டாணிக்குப் பாதி அளவில் வீங்கியிருக்கிறது. காம்பு தானாக வளைந்து மண்ணைப் பார்த்து இறங்குகிறது. முறிந்துவிட்டதோ என்று முதலில் பதறினேன். தொடவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது அப்படித்தான் இறங்குமா?

ஒன்று: பதினெட்டு இலை, ஆறு பூ. மூன்று: இருபத்தொரு இலை, ஒன்பது பூ, ஒன்றுகூடச் சாயவில்லை. நான்கு: பதினோரு இலை, பூ இல்லை. ஆறு: பதினான்கு இலை, இரண்டு மொட்டு. பத்து: பதினாறு இலை, நான்கு பூ. பதினொன்று: பத்தொன்பது இலை, மேலே சொன்ன மூன்று காய். பதிமூன்று: ஒன்பது இலை, ஒன்று மஞ்சள், திருகி எடுத்தேன், காம்பு முழுதாக வந்தது.

ஒன்பதாம் எண் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை இலைகளெல்லாம் ஒரே நேரத்தில் படுத்திருந்தன. கிழங்கை அழுத்தினேன், மெத்தென்று இருந்தது. தட்டில்தான் தண்ணீர் வைத்தேன், அரை மணியில் கொட்டினேன், ஹீட்டர் போடவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி, மூடியிட்டு, பால்கனியில் வைத்திருக்கிறேன். நீ வந்து பார்க்கும்வரை கொட்டமாட்டேன்.

தபால் பை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒன்பதைப் பற்றி எழுதாமல் பட்டியலை மட்டும் அனுப்பலாமா என்று பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்து எழுதினேன். நீ இதைப் படிக்கும்போது கத்துவாய், எனக்குத் தெரியும். கத்து. மிச்சம் ஏழு தொட்டி இருக்கிறது.

தம்பி